ரேம் மாற்றியும் நிற்கவில்லை: கணினி கேள்வி – பதில்

கேள்வி: பணகுடிக்கு அருகே எடைமேடை வைத்திருக்கிறேன். எம்-சாண்ட், ஜல்லி லாரிகள்தான் அதிகம். ஆனி, ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் மின்சாரம் போய்ப் போய் வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். மின்சாரம் நின்று ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தில், எடை போடும் கம்ப்யூட்டர் சில சமயம் அப்படியே உறைந்துவிடுகிறது. சில சமயம் ஒன்றும் ஆவதில்லை. உறைந்தால் கறுப்புத் திரை முழுக்க வெள்ளை எழுத்து. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருக்கிறது, அது அணைவதே இல்லை. சர்வீஸ் ஆள் முதலில் ரேமை மாற்றினார், அடுத்து கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினார், இப்போது மதர்போர்டு போய்விட்டது என்கிறார். ஓடுவது லினக்ஸ். எடைக் கருவிக்கான டிரைவரைக் கருவி விற்ற கம்பெனியே சி.டி.யில் கொடுத்தது. திரையையும் மேசையையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். புது மதர்போர்டு வாங்கிவிடவா, அம்மா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பணகுடி

பதில்: வாங்காதீர்கள், அண்ணாச்சி. உங்கள் மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றிப் போட்ட ரேமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும்கூட நல்லவையாகவே இருக்கும். பத்திரமாக எடுத்து வையுங்கள். கோளாறு சி.டி.யில் வந்த அந்த டிரைவரில், அதாவது கருவியோடு பேச லினக்ஸுக்குக் கற்றுக்கொடுக்கும் மென்பொருளில் இருக்கிறது. அதுவும் டிரைவர் முழுவதிலும் அல்ல, அதில் மூன்று வரிகள் நிற்கும் வரிசையில்.

ஊகத்தில் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவிலேயே எழுதியிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், நின்றுபோகும் கடைசி நொடியில், தனக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு திரை நிறைய எழுதிவிட்டுத்தான் நிற்கிறது. அதில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல், பாகம் பாகமாக மாற்றிப் பில் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. எடை போட லாரிகள் வரிசையில் நிற்கும்போது கம்ப்யூட்டர் நின்றால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

போட்டோவின் முதல் வரியைப் பாருங்கள். ‘பக்: கெர்னல் நல் பாயின்டர் டிரெஃபரன்ஸ், அட்ரஸ்: 0000000000000018’. பாயின்டர் என்பது நினைவகத்தில் ஒரு பொருள் இருக்கும் இடத்தின் முகவரி. அந்தப் பொருள் இப்போது இல்லை என்றால் அதில் பூஜ்யத்தைப் போட்டு வைப்பார்கள். பூஜ்ய முகவரிக்குப் போய் யாராவது படிக்க முயன்றால் பிராசசர் அனுமதிக்காது. அப்படியானால் அங்கே 0 என்றல்லவா இருக்க வேண்டும், 18 எப்படி வந்தது? அது பதினாறை அடியாகக் கொண்ட எண். நம் கணக்கில் 24. டிரைவர் தேடிப் போனது ஒரு பொருளின் தொடக்கத்தை அல்ல, அதற்குள் 24 பைட் தள்ளி இருக்கும் ஒன்றை.

அதனால்தான் சி.டி.யில் உள்ள கோப்புகளையும் அனுப்பச் சொன்னேன். நல்ல வேளையாக மூலநிரலும் அதில் இருந்தது. திறந்து பார்த்தால், வந்த தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ‘பஃபர்’ என்ற கட்டமைப்பில் முதல் மூன்று உறுப்புகள் எட்டெட்டு பைட். மூன்றெட்டு இருபத்து நான்கு. நான்காவது உறுப்பு, எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து வந்த எடை எங்கே கிடக்கிறது என்ற முகவரி. ஆகவே பஃபரையே அழித்துப் பூஜ்யம் போட்ட பிறகு, யாரோ அதற்குள் எடையைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

யார் என்பதும் அதே போட்டோவில் இருக்கிறது. ‘ஆர்.ஐ.பி.’ என்று தொடங்கும் வரி, அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த நிரற்பகுதியின் பெயரைச் சொல்கிறது. அதன் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் விழுந்தது என்பதையும் சொல்கிறது. உங்கள் திரையில் இருப்பது டிரைவருடைய டைமர் பகுதியின், அதாவது குறித்த இடைவெளியில் தானே எழுந்து ஓடும் பகுதியின் பெயர். கடைசி வரி, ‘கெர்னல் பேனிக் – நாட் சின்க்கிங்: ஃபேட்டல் எக்செப்ஷன் இன் இன்டரப்ட்’. முழுக் கம்ப்யூட்டரும் ஏன் நின்றது என்பதற்கு இந்த வரிதான் பதில். ஏதாவது ஒரு புரோகிராம் கேட்ட வேலையைச் செய்யும்போது இதே தவறு நேர்ந்திருந்தால், லினக்ஸ் அந்தப் புரோகிராமை மட்டும் கொன்றுவிட்டுப் பெரும்பாலும் தொடர்ந்து ஓடியிருக்கும். டைமர் எந்தப் புரோகிராமின் பெயரிலும் ஓடுவதில்லை. கொல்வதற்கு ஆள் இல்லாததால் கெர்னல் தானே நின்றுவிடுகிறது.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். மேடைக்கு அடியில் உள்ள லோடு செல்கள் பாரத்தைச் சிறு மின்னழுத்தமாக மாற்றுகின்றன. இண்டிகேட்டர் அதை எண்ணாக்கி சீரியல் கேபிளில் ஓயாமல் அனுப்புகிறது. அந்தக் கேபிள் ஒரு சின்னப் பெட்டியில் நுழைந்து யூ.எஸ்.பி.யாக மாறிக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கிறது, சரி. பெட்டிக்குத் தனி அடாப்டர் இருக்கிறதே, அது எங்கே செருகியிருக்கிறது? இரண்டாவது போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது: காலண்டருக்குக் கீழே, சுவரில் உள்ள சாதாரண பிளக்கில். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை பெட்டி செத்துக் கிடக்கிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இதற்கும் யூ.எஸ்.பி. வயரைப் பிடுங்குவதற்கும் வேறுபாடு இல்லை. உடனே கெர்னல், கருவி போய்விட்டது, மூட்டை கட்டு என்று டிரைவருக்குச் சொல்கிறது. டிரைவரின் ‘டிஸ்கனெக்ட்’ பகுதி ஓடத் தொடங்குகிறது.

அந்தப் பகுதியில் வரிசை இப்படி இருக்கிறது. முதலில் பஃபரை விடுவித்துப் பாயின்டரில் பூஜ்யம். அடுத்து, கருவி அடங்கட்டும் என்று 20 மில்லி நொடிக் காத்திருப்பு. அதற்கும் பிறகுதான் டைமரை நிறுத்துவது. அந்த டைமரோ 50 மில்லி நொடிக்கு ஒருமுறை எழுந்து, பஃபரில் சேர்ந்த எடையை எடுத்து மேலே உள்ள புரோகிராமிடம் கொடுப்பது. இந்த 20 மில்லி நொடிக்குள் டைமர் எழுந்தால் கம்ப்யூட்டர் உறையும், எழாவிட்டால் தப்பித்துவிடும். ஐம்பதுக்கு இருபது. அதாவது, ஐந்து முறை மின்சாரம் போனால் சராசரியாக இரண்டு முறை. ‘சில சமயம் உறைகிறது, சில சமயம் ஒன்றும் ஆவதில்லை’ என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் ‘சில சமயம்’ எங்கிருந்து வருகிறது என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. பேய் இல்லை, ராசி இல்லை, மதர்போர்டு இல்லை. இப்படி ஒரு கணக்கு கண்ணெதிரே வந்து பொருந்தும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வரப்பை வெட்டித் திருத்த வேண்டுமானால், மேல்மடையை அடைத்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார்கள். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே வரப்பில் கை வைக்கிற விவசாயி நம் ஊரில் கிடையாது. டிரைவரிலும் முறை அதேதான். தரவு வரும் வழிகளை, டைமர், இன்டரப்ட் (கருவி குறுக்கிட்டு அனுப்பும் அழைப்பு), பின்னணி வேலைகள் எல்லாவற்றையும், முதலில் அடைக்க வேண்டும். அடைபட்டுவிட்டன என்று உறுதியான பிறகே அவை பயன்படுத்தும் நினைவகத்தை விடுவிக்க வேண்டும். நான் செய்த திருத்தமும் இவ்வளவுதான்: டைமரை நிறுத்தும் வரியை மேலே கொண்டுபோனேன், பஃபரை விடுவிக்கும் வரியைக் கடைசிக்குத் தள்ளினேன்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிரல் எழுதும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். லினக்ஸில் டைமரை நிறுத்த இரண்டு வகைக் கட்டளைகள் உண்டு. ஒன்று, இனி எழாதே என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். மற்றொன்று, அந்த டைமர் இதே நேரத்தில் பிராசசரின் இன்னொரு கோரில் (தனித்து வேலை செய்யும் பகுதியில்) ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருந்து திரும்பும். அதன் பெயர் ‘சின்க்’ என்று முடியும். இந்த டிரைவரில் இருந்தது முதல் வகை. வரிசையை மட்டும் மாற்றி இதை அப்படியே விட்டிருந்தால், 20 மில்லி நொடி இடைவெளி சில மைக்ரோ நொடியாகச் சுருங்கியிருக்குமே தவிர, மூடியிருக்காது. 2023இல் வந்த லினக்ஸ் 6.2இல், நிறுத்திய டைமரை வேறு யாரும் மறுபடி எழுப்பிவிடாதபடி பூட்டிவிடும் மூன்றாவது கட்டளையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் கெர்னல் அதைவிடப் பழையது. இங்கே டைமரை எழுப்புவது அந்த டைமர் மட்டுமே என்பதால் ‘சின்க்’ வகையே போதும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. அதைத்தான் பலர் முதலில் செய்வார்கள்: டைமரின் முதல் வரியில், பாயின்டர் பூஜ்யமாக இருந்தால் திரும்பிப் போ என்று எழுதிவிடுவது. ஒரே வரி, உறைவதும் நின்றுபோகும், எல்லோருக்கும் நிம்மதி. அண்ணாச்சி, உங்கள் எடைமேடையில் அப்படிச் செய்ய நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். கம்ப்யூட்டரில் நான்கு கோர்கள் இருக்கின்றன. ஒரு கோரில் டைமர் ‘பூஜ்யம் இல்லை’ என்று பார்த்து உள்ளே நுழைகிறது. அதே நொடியில் இன்னொரு கோர் பஃபரை விடுவிக்கிறது. விடுவித்த இடத்தைக் கெர்னல் வேறு யாருக்காவது கொடுத்துவிடும். டைமர் இப்போது படிப்பது யாருடைய தரவை? அது எடை என்ற பெயரில் மேலே போனால் சீட்டில் என்ன அச்சாகும்? உறைந்து நிற்கும் கம்ப்யூட்டரால் அரை மணி நேரம் போகும். தப்பான எடைச் சீட்டால் உங்கள் பெயரே போகும். பூஜ்யத்தைக் கண்டதும் ‘ஏன் பூஜ்யம் ஆயிற்று, யார் ஆக்கினார், அவர் ஆக்கும்போது மற்றவர் அங்கே ஏன் இருந்தார்’ என்று கேட்டுக்கொண்டே பின்னால் போவதுதான் திருத்தம். பூஜ்யத்தைச் சுற்றிக்கொண்டு போவது திருத்தம் ஆகாது.

திருத்தம் சரியா என்று சோதிக்க உங்கள் ஜெனரேட்டர் தேவைப்படவில்லை. லினக்ஸில் ‘சிஸ்எஃப்எஸ்’ என்ற இடத்தில் ஒவ்வொரு டிரைவருக்கும் ‘அன்பைண்ட்’, ‘பைண்ட்’ என்று இரண்டு கோப்புகள் இருக்கும். கருவியின் அடையாளத்தை முதலாவதில் எழுதினால், வயரைத் தொடாமலே டிரைவர் கழன்றுகொள்ளும். இரண்டாவதில் எழுதினால் திரும்பச் சேரும். உங்கள் இண்டிகேட்டருக்குப் பதிலாக எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன போர்டை அதே வகைப் பெட்டியில் இணைத்து, கழற்றுவதையும் மாட்டுவதையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்தேன். பழைய டிரைவரில் அந்த 20 மில்லி நொடியை 2 நொடியாக நீட்டினேன். உடனே, ஒவ்வொரு முறையும், உங்கள் போட்டோவில் இருக்கும் அதே முதல் வரி: அதே 18. திருத்திய டிரைவரிலும் அதே 2 நொடியை வைத்து ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. பிழையை விருப்பப்படி வரவழைக்க முடிந்த பிறகுதான், அது போய்விட்டது என்று சொல்லும் உரிமை ஒருவருக்குக் கிடைக்கிறது.

கேசான் என்ற சோதனைக் கருவியையும் சேர்த்து ஓட்டினேன். 2015இல் லினக்ஸ் 4.0உடன் வந்தது. நினைவகத்தில் ஒவ்வோர் எட்டு பைட்டுக்கும் ஒரு பைட் காவல் வைத்து, விடுவித்த இடத்தை யார் தொட்டாலும் பிடித்துக் கொடுக்கும். எங்கே வாங்கியது, எங்கே விடுவித்தது, எங்கே தொட்டது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லும். அது இன்னொன்றைக் காட்டிக்கொடுத்தது. கருவியை முதலில் மாட்டும்போது பாதியில் ஏதாவது தோல்வியடைந்தால் போகும் பாதையிலும் இதே தலைகீழ் வரிசை. அதையும் சரிசெய்துவிட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை: இன்றைக்கே அந்த அடாப்டரை யு.பி.எஸ்.ஸில் செருகுங்கள். பெட்டி அணையாது, டிரைவர் கழலாது, உறையாது. ஆனால் யாராவது வயரில் கால் தடுக்கினாலும் அதேதான் நடக்கும் என்பதால் அதோடு விட்டுவிட வேண்டாம். திருத்திய டிரைவரை உங்களுக்கும், அந்தக் கம்பெனிக்கும் அனுப்பியிருக்கிறேன். இதே பெட்டியை வாங்கியவர்கள் இன்னும் எத்தனை பேரோ; அவர்களில் யாரும் நல்ல மதர்போர்டைத் தூக்கி எறியக் கூடாது.

கேள்வி: டிரைவர் என்பது ஒரு சின்னத் துணை மென்பொருள்தானே? அது கெட்டால் அதை மட்டும் மூடிவிட்டு மற்றவை ஓடக் கூடாதா? இவ்வளவு முன்னேறிய காலத்தில் ஒரு பிழைக்காக முழுக் கணினியும் ஏன் சாக வேண்டும்?
– பள்ளி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: மிகச் சரியான கேள்வி, ஐயா. பிராசசர், தன்மேல் ஓடும் நிரல்களை அதிகாரம் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் பிரௌசர் அதிகாரம் இல்லாத பக்கம். அது தவறிய இடத்தைத் தொட்டால் அதை மட்டும் மூடிவிடலாம். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்து அதிகாரம் உள்ள பக்கத்தில், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஓடுகின்றன. அங்கே ஒருவர் தவறான இடத்தில் எழுதிவிட்டால், வேறு எதைக் கெடுத்தார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கெட்ட தரவை ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதற்கு முன் நின்றுவிடுவதே நல்லது என்று கெர்னல் முடிவெடுக்கிறது. நின்றுபோவது இங்கே ஒரு பாதுகாப்பு.

நீங்கள் கேட்டபடி தனியே ஓடவைப்பதும் நடக்கிறது. விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு பிரிண்டர் டிரைவர்கள் கெர்னலுக்குள் நுழையவே அனுமதி இல்லை. திரைக்கான கிராஃபிக்ஸ் டிரைவர் 2 நொடிக்குப் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் அதை மட்டும் நிறுத்தித் திரும்பக் கிளப்பும். திரை ஒருமுறை இருண்டு மீண்டும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமின் மினிக்ஸ் 3, டிரைவர்களைத் தனித்தனிப் புரோகிராம்களாக ஓட்டி, செத்ததைத் தானே மறுபடி எழுப்பும் முறையில் அமைந்தது. அப்படியானால் எல்லோரும் அந்த வழிக்கு ஏன் போகவில்லை? ஒவ்வொரு சிறு வேலைக்கும் அந்த எல்லையைத் தாண்டிப் போய்வர நேரம் பிடிக்கிறது; நெட்வொர்க், டிஸ்க் வேலைகளில் அது உறைக்கும். இதற்கிடையில் வேறொரு வழியும் திறந்திருக்கிறது. லினக்ஸ் 6.1 முதல், அதாவது 2022 டிசம்பரிலிருந்து, ரஸ்ட் மொழியிலும் கெர்னலுக்கு எழுத அடித்தளம் இருக்கிறது. விடுவித்த நினைவகத்தைத் தொடும் நிரலை அந்த மொழியின் கம்பைலரே (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பெரும்பாலும் ஏற்காது. பணகுடி எடைமேடைப் பிழை போன்றவை எழுதும்போதே பிடிபடும் காலம் வரும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கேள்வி: அப்பளக் கணக்குக்கு விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். வைஃபை அப்டேட் ஒன்று வந்ததிலிருந்து நீலத் திரை வந்து, படிப்பதற்குள் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். கணக்கெல்லாம் போய்விடுமே?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ஃபார்மட் வேண்டாம், அக்கா. முதலில் கணக்குக் கோப்புகளைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு ‘சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ்’ போய், ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’யில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத் திரை அப்படியே நிற்கும், போட்டோ எடுங்கள். அதில் ‘ஸ்டாப் கோட்’ என்று ஒரு பெயரும், பல சமயங்களில் அதற்குக் கீழே தவறு செய்த கோப்பின் பெயரும் இருக்கும். ‘டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்று இருந்தால், டிரைவர் ஏதோ ஒன்று தொடக் கூடாத நேரத்தில் தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. கோப்பின் பெயர் வைஃபையைச் சுட்டினால் ‘டிவைஸ் மேனேஜர்’ போய், வைஃபை கருவியின் ‘பிராப்பர்ட்டீஸ்’இல் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். பழைய டிரைவர் திரும்பிவிடும். விண்டோஸுக்குள் நுழையவே முடியவில்லை என்றால் ‘சேஃப் மோட்’இல் இதையே செய்யலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு நீலத் திரைக்கும் ஒரு பதிவு சேர்ந்திருக்கும். சரிசெய்ய வருபவர் அதைத் திறக்காமலே ஃபார்மட் என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: டிராவல் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். 2024 ஜூலையில் ஒருநாள் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் டிரைவர் பிழைதான் என்கிறாரே என் நண்பர், உண்மையா?
– வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: உண்மை. ஆனால் கருவிக்கான டிரைவர் அல்ல. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸில் கெர்னல் டிரைவராகவே ஓடுகிறது. அதற்கான ஒரு தரவுக் கோப்பு நம் நேரப்படி காலை 9.39க்கு உலகெங்கும் போயிற்று. புதிய விதிகள் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தன. டிரைவர் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய் நினைவகத்தின் எல்லையைத் தாண்டியது. நீலத் திரை. கம்ப்யூட்டர் தொடங்கும்போதே இந்த டிரைவரும் தொடங்குவதால், ரீஸ்டார்ட் செய்தாலும் மறுபடி நீலத் திரை. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்திருந்தன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. அந்தக் கோப்பைப் பெரும்பாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் ‘சேஃப் மோட்’இல் திறந்து கையால்தான் அழிக்க வேண்டியிருந்தது. ‘எத்தனை வந்திருக்கிறது’ என்று எண்ணிப் பார்க்கும் ஒரே ஒரு சரிபார்ப்பு இருந்திருந்தால், உங்கள் பயணிகள் அன்று நேரத்துக்குப் போயிருப்பார்கள்.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், அக்கா. சி மொழி ஓரளவு வரும். லினக்ஸ் டிரைவர் பிழைகளைச் சரிசெய்ய ஆசை. கெர்னல் வேலை என்றால் பெங்களூரு போனால்தான் முடியும் என்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரு பழைய லேப்டாப். எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, பேட்டை

பதில்: நான் இந்தப் பதிலைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், தங்கச்சி. என் திருத்தங்களும் இங்கிருந்துதான் போகின்றன. கெர்னலில் திருத்தம் மின்னஞ்சலில் போகிறது. அனுப்பியவர் எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. திருத்தம் சரியா என்று மட்டும் கேட்பார்கள், அதையும் விடாமல் கேட்பார்கள்.

உன்னிடம் விசேஷக் கருவி எதுவும் இல்லை என்று கவலைப்படாதே. கூகுளின் சிஸ்பாட் என்ற தானியங்கி, கெர்னலை இடைவிடாமல் தட்டிப் பார்த்து, கண்டுபிடித்த பிழைகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறது. பலவற்றோடு பிழையை வரவழைக்கும் சின்ன நிரலும் இருக்கும். யூ.எஸ்.பி. டிரைவர் பிழைகள் அதில் ஏராளம். கருவியே இல்லாமல், மென்பொருளால் போலி யூ.எஸ்.பி. உண்டாக்கிக் கண்டுபிடித்தவை. க்யூஎமுவில் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டி, அதற்குள் கெர்னலை எத்தனை முறை வேண்டுமானாலும் சாகவிடு. உன் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது. திருத்துவதற்கு முன், அந்த டிரைவரின் ‘டிஸ்கனெக்ட்’ பகுதியைத் தாளில் வரிவரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘இந்த நேரத்தில் வேறு யார் ஓடக்கூடும்’ என்று குறித்துப் பார். பாதிப் பிழைகள் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

முன்பு ஓடியது, புது கெர்னலில் ஓடவில்லை என்றால் ‘கிட் பைசெக்ட்’ கற்றுக்கொள். நல்லது, கெட்டது என்று இரண்டு முனைகளைச் சொன்னால், நடுவில் ஒன்றை எடுத்துச் சோதிக்கச் சொல்லும். ஒவ்வொரு சோதனையிலும் பாதி கழியும். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேலான மாற்றங்கள். பதினான்கு சோதனையில் 16,384 மாற்றங்களுக்குள் ஒன்றைப் பிடித்துவிடலாம்.

அனுப்பும்போது மூன்றைக் கவனி. பிழை எந்த மாற்றத்தில் நுழைந்ததோ அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடு ‘ஃபிக்ஸஸ்’ வரி. ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று உன் பெயர். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று நீ கொடுக்கும் வாக்கு அது, 2004இலிருந்து இருக்கும் நடைமுறை. மூன்றாவது, என்ன மாற்றினாய் என்பதைவிட ஏன் மாற்றினாய் என்று நீளமாக எழுது. மூன்று வரித் திருத்தத்துக்கு முப்பது வரி விளக்கம் எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். யாருக்கு அனுப்புவது என்பதை மூலநிரலோடு வரும் ‘கெட் மெயின்டெய்னர்’ ஸ்கிரிப்டே சொல்லிவிடும். பழைய பதிப்புகளுக்கும் போக வேண்டிய திருத்தம் என்றால், சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிக்குள் இருக்க வேண்டும்.

லேப்டாப் பழையது என்றாயே, அதற்கும் வழி இருக்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்களின் முழு அமைப்போடு கெர்னலைத் தொகுத்தால் உன் லேப்டாப் ஓர் இரவையே எடுத்துக்கொள்ளும். ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், இப்போது ஏறியிருக்கும் டிரைவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். நேரம் வெகுவாகக் குறையும். அதை ஓட்டுவதற்கு முன், நீ சோதிக்க வேண்டிய யூ.எஸ்.பி. கருவியை மறக்காமல் செருகிவை. இல்லாவிட்டால் நீ திருத்த வந்த டிரைவரே அந்தக் கெர்னலில் இருக்காது.